நாலாவது போல்ட்

எங்கள் ஊர் ஆண்களுக்குக் கையில் ஒரு அரிப்பு உண்டு. யார் எதை இறுக்கி வைத்தாலும் இன்னொரு தரம் இறுக்கிப் பார்த்தால்தான் அவர்களுக்கு அன்றைய ஒயின் செரிக்கும். பட்டறையிலிருந்து எவனுடைய சைக்கிளாவது வெளியே வந்துவிட்டால் போதும், சதுக்கத்து பார் வாசலில் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு ஆலன் கீ, போல்ட் திருகுகிற வளைந்த குச்சி, சட்டைப் பையில் தயாராக இருக்கும். வீட்டுச் சாவியை மறந்தாலும் மறப்பார்கள், அதை மறக்கமாட்டார்கள். ஆளுக்கொரு போல்ட்டைப் பிடித்து, மூச்சை அடக்கி, கால் சுற்று சுற்றுவார்கள். 'கால்' வைப்பது என்று அதற்குப் பெயரே உண்டு. சைக்கிளின் சொந்தக்காரன் நன்றியோடு எல்லோருக்கும் ஒரு கிளாஸ் சாஞ்சொவேசே ஒயின் வாங்கித் தரவேண்டும். கோயில் படியை மிதித்து முப்பது வருஷம் ஆனவன்கூட இந்தச் சடங்குக்குத் தவறாமல் வந்து நிற்பான்.

அந்தப் பாருக்கு இருநூறு அடி தள்ளி தெர்னா மின்குத்சி பதினோரு வருஷமாகச் சைக்கிள் பட்டறை நடத்திவந்தாள். பட்டறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அவளுடைய அப்பா டிராக்டர் நிறுத்திவைத்த கொட்டகை, அவ்வளவுதான். அப்பா ராஜாவையும் பாதிரியாரையும் ஒரே மூச்சில் திட்டுகிற ரகம். எங்கள் ரொமாஞ்ஞாப் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். மூத்த பையனுக்கு ரிபெல்லோ என்று பெயர் வைத்தார். கலகக்காரன் என்று அர்த்தம். அந்தக் கலகக்காரன் நாற்பது வருஷம் நகராட்சியில் ரப்பர் முத்திரை குத்தினான், ஒரு நாளும் தாமதமாக வராதவன் என்று மெடல் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றான். பெண் பிறந்தபோது அப்பாவுக்கு ஆவேசம் தீர்ந்துபோயிருந்தது போலிருக்கிறது. செத்துப்போன அத்தையின் பெயரை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

பதினெட்டு வயதில் தெர்னா லூகோ சாலையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். பீச் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் இயந்திரங்கள் செய்யும் இடம் அது. அங்கே அவளை நிறுத்தியது பம்பு மூடிகளை இறுக்கும் மேஜையில். கையில் ஒரு டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்கவேண்டுமோ அந்த எண்ணை அதில் வைத்துக்கொண்டால், அந்த அளவு வந்ததும் அது 'டக்' என்று கைக்குள் ஒரு சத்தம் போடும். அங்கே நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழை கூடாது. ஒரு நாளைக்கு எழுநூறு போல்ட். இருபத்து நாலு வருஷம். கணக்குப் போட்டுப் பார்க்க அவளுக்கே பயம்.

மூன்றாவது வருஷத்திலேயே அவள் கைக்கு டக் சத்தம் தேவையில்லாமல் போனது. பொலோஞ்ஞாவிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் இதை நம்பவில்லை. டை கட்டிய ஆள், பெண்கள் என்றால் காப்பி கொண்டுவருகிறவர்கள் என்று நினைத்தவன். சாதாரண ஸ்பேனரைக் கொடுத்து, கண்ணைக் கட்டிவிட்டு, இருபது போல்ட்டை இறுக்கச் சொன்னான். பிறகு ஒவ்வொன்றாக அளந்து பார்த்தான். பத்தொன்பது சரியாக இருந்தது. இருபதாவதில் மரை பழுது; அதையும் அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். இன்ஜினியர் ஒன்றும் பேசாமல் பொலோஞ்ஞாவுக்குத் திரும்பிப் போய்விட்டான். பாராட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டை அவிழ்ந்தா போயிருக்கும்?

தொழிற்சாலையை மூடியதும் பட்டறை போட்டாள். ஊரில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கம் ஒன்று உண்டு; நாற்பது ஆண்கள், நாற்பது தொப்பை, நாற்பது விலையுயர்ந்த சைக்கிள். அவர்களை நம்பித்தான் பட்டறை. அவளுடைய புருஷன் ஓரியானோவும் அதில் ஒருவன். பழக் கூட்டுறவில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். கூட்டத்தில் எப்போதும் கடைசியில் வருகிறவன். அதிர்ந்து பேசாதவன், யாரையும் எதிர்த்துப் பேசாதவன். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். எதையும் மறுத்துச் சொல்லாதவனை ஊர் வேறு எப்படிச் சொல்லும்?

சைக்கிளில் இருக்கிற சின்ன போல்ட்டுகளைப் பற்றித் தெர்னாவுக்கு ஒரே ஒரு பாடம்தான் உண்டு. அதை அவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். "சின்ன போல்ட்டை விரலால இறுக்கணும்யா, தோளால இல்லே." ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கவ்வியின் மேலேயே '5' என்று எண் அச்சடித்திருக்கும். ஐந்து நியூட்டன் மீட்டர். ஆலன் கீயை இரண்டு விரலால் பிடித்து, பால் பாட்டில் மூடியை மூடுகிற அளவுக்கு ஒரு அழுத்து, அவ்வளவுதான். அதிலும் இந்தக் காலத்து ஹேண்டில்பார் இரும்பு இல்லை, கார்பன். கூடுதலாக நெரித்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். வழுக்கிவிடும் என்று பயமிருந்தால் மணல்மணலாக ஒரு பசை இருக்கிறது, அதைத் தடவினால் போதும். இதையெல்லாம் அவர்கள் தலையை ஆட்டிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு நேராக பாருக்குப் போய்க் கால் வைப்பார்கள். ஐந்து என்பது ஏதோ பயந்தாங்கொள்ளி ஜெர்மன்காரன் எழுதிய எண் என்பது அவர்கள் கட்சி. இறுக்கினால் உடையாது, லூசாக விட்டால்தான் உடையும் என்று பரம்பரையாக நம்புகிற கூட்டம் அது.

இந்த மே மாதம் சங்கத் தலைவர் எவாரிஸ்தோ புதுச் சைக்கிள் வாங்கினார். தரைக்கல் கடை முதலாளி. கல்லை விற்று விற்று மனுஷனும் அப்படியே ஆகிவிட்டார். சனிக்கிழமை தெர்னா அதைப் பூட்டிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரிசிகெல்லா பக்கத்து மலை இறக்கத்தில், திருப்பத்தில் பிரேக் பிடித்தபோது, ஹேண்டில்பார் கவ்வியின் ஓரத்தில் பட்டென்று முறிந்தது. தலைவர் திராட்சைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தார். காறையெலும்பு இரண்டு துண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்: "தெர்னா லூசா விட்டுட்டா. ஆடி ஆடி முறிஞ்சிருக்கு. அதை வேற யாரும் தொடலே."

தலைவர் சொன்னால் வேதம். திங்கட்கிழமை யாரும் பட்டறைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்த இரண்டு பேரும் அரைகுறையாகப் பிரித்துப் போட்டிருந்த தங்கள் சைக்கிளை அப்படியே வாரிக்கொண்டு போனார்கள். முகத்தைப் பார்க்கும் தைரியம் ஒருவனுக்கும் இல்லை. புதன்கிழமை செய்தி வந்தது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு பாரில் சங்கம் கூடுகிறது, இனி எல்லாச் சைக்கிளையும் பக்கத்து டவுன் ஃபயென்சாவில் இருக்கிற பெரிய கடைக்குக் கொடுப்பது பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள் என்று. சங்கம் போனால் பட்டறை போச்சு. பட்டறை போனால்கூடப் பரவாயில்லை, வயலில் கத்தரிக்காய் பறிக்கப் போகலாம். ஆனால் 'லூசா விட்டவ' என்ற பெயரோடு இந்த ஊரில் மிச்சக் காலத்தை எப்படித் தள்ளுவது? தெர்னாவுக்கு அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"சனிக்கிழமை பார் வாசல்ல யாராவது கை வெச்சாங்களா?" என்று ஓரியானோவைக் கேட்டாள்.

"நான் உள்ளே காப்பி குடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கெப்படித் தெரியும்?"

"ஜன்னல் பக்கம்தானே உட்காருவே?"

"அன்னைக்கு வெயிலா இருந்துச்சு, உள்பக்கம் உட்கார்ந்தேன்." கொஞ்ச நேரம் பாஸ்தாவைக் கிளறிக்கொண்டிருந்தான். "தெர்னா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதே. எதுக்கு வீணா மல்லுக்கு நிக்கறே? கை தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். எவாரிஸ்தோ நல்ல மனசுக்காரர். ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

"என் கை தவறலே."

"தவறலேன்னு உனக்கே எப்படி நிச்சயமாத் தெரியும்?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

முறிந்த சைக்கிள் போலீஸ் நிலையத்து முற்றத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. புதன்கிழமையே போய்க் கவ்வியையும் ஹேண்டில்பார் துண்டையும் கழற்றி எடுத்துவந்தாள். தொழிற்சாலையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு போல்ட்டை இறுக்கி முடித்ததும், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட்டால் ஒரு சின்னக் கோடு இழுப்பார்கள். பிறகு எவன் திருப்பினாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக் கொடுத்துவிடும். பட்டறையில் அவள் அதற்கு வைத்திருந்தது நகப்பூச்சு, சிவப்பு. சங்கத்து ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சைக்கிளுக்கும் அலங்காரம் பண்ணி அனுப்புகிறாள் பார் என்று கேலி செய்வார்கள். எதற்கு என்று ஒருவனாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

கவ்வியில் நாலு போல்ட். நாலிலும் சிவப்புக் கோடு முறிந்து, தலையில் இருக்கும் பாதி ஒரு பக்கமும் உலோகத்தில் இருக்கும் பாதி ஒரு பக்கமுமாகக் கிடந்தது. நாலுமே கால் சுற்று.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு தெர்னா எண்ணெய் படிந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பாருக்குள் போனாள். முப்பது பேராவது இருந்தார்கள். நடு மேஜையில் எவாரிஸ்தோ, கை கட்டுப்போட்டுத் தொங்க, முகம் தியாகிபோல. அவருக்கு வலப்பக்கம் ஓய்வுபெற்ற கசாப்புக்காரர் செகோந்தோ. மணிக்கட்டே ஒரு சிறுபிள்ளையின் தொடை அளவு இருக்கும். இடப்பக்கம் மருந்துக்கடை லாம்பெர்தோ. ஓரியானோ ஓரமாக ஒரு நாற்காலியில்.

கவ்வியை மேஜை நடுவில் டொக்கென்று வைத்தாள். கோடு என்ன, எதற்கு, எப்படிப் பிரிந்திருக்கிறது எல்லாம் சொன்னாள். "லூசாகி ஆடியிருந்தா கோடு அந்தப் பக்கம் போயிருக்கும். இது இந்தப் பக்கம் போயிருக்கு. இறுக்கியிருக்கு. நாலையும். யாரு?"

எல்லோரும் மேஜையையும் கூரையையும் பார்த்தார்கள். செகோந்தோ தன் கிளாஸில் ஏதோ விழுந்துவிட்டதுபோல் உற்றுப் பார்த்தார்.

"யாரும் தொடலேன்னு சொன்னேனே" என்றார் எவாரிஸ்தோ.

இந்த மனிதர்களிடம் நியாயம் கேட்டால் கிடைக்காது என்பது தெர்னாவுக்குத் தெரியும். ஆனால் அவர்களை எங்கே தொட்டால் துள்ளுவார்கள் என்பதும் தெரியும். கவ்வியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சரி. இந்த ஊர்க்காரங்க யாரும் தொடலே, ஒத்துக்கறேன். எனக்கும் அப்படித்தான் தோணுது. இதோ, மேலே இடது பக்கம். பாருங்க, ஒரே இழுப்பு. துளி நடுக்கம் இல்லே. கோடு கத்தியால வெட்டின மாதிரி இருக்கு. இந்த மாதிரி கை நம்ம ஊர்ல எவனுக்கும் கிடையாது. எவனோ ஃபயென்சாக்காரன்தான் வந்துட்டுப் போயிருக்கான்."

"ஃபயென்சாக்காரனா?" செகோந்தோ நாற்காலி விழ எழுந்தார். "அந்தப் பொடிப்பசங்களுக்கு ஏதும்மா இந்த மாதிரி கை? நாப்பது வருஷம் மாட்டுத் தொடை அறுத்த கை இது! நான்தான் வெச்சேன்!"

"யோவ், வாயை மூடுய்யா" என்று எவாரிஸ்தோ பல்லைக் கடித்தார்.

"மேலே வலது பக்கமும் மோசமில்லே" என்றாள் தெர்னா, அவரைக் கவனிக்காதவள்போல. "கொஞ்சம் மெதுவா, நிதானமா. படிச்ச கை. ஆனா பலம் போதாது."

லாம்பெர்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறவன். ஒரு சிட்டிகை கூடினால் ஆள் காலி என்று தினமும் பத்துப் பேருக்குப் பாடம் நடத்துகிறவன். "பலம் போதாதா? ஏன் போதாது? செகோந்தோ எவ்வளவோ நானும் அவ்வளவுதான். கோட்டை அளந்து பாரேன்."

"கீழே இடது?"

எல்லோருடைய தலையும் தலைவர் பக்கம் திரும்பியது. எவாரிஸ்தோவின் காது சிவந்தது. "என் சைக்கிள்" என்றார். "என் சைக்கிள்ல நான் ஒண்ணு வைக்கக் கூடாதா?"

"தாராளமா வைங்க தலைவரே. உங்க எலும்பு, உங்க இஷ்டம்."

முதலில் சிரித்தது பார்க்காரி. பிறகு ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிஷம் முன்பு அவளைத் தூக்கில் போட உட்கார்ந்திருந்தவர்கள், இப்போது அவள் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபயென்சா பேச்சு அப்படியே அமுங்கிப் போனது. "சனிக்கிழமை என் சைக்கிளைக் கொண்டு வரேன் தெர்னா", "என்னுதையும் பாரு, செயின் கத்துது" என்று குரல்கள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் எவன் வாயிலும் வரவில்லை. அது வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. பெயர் திரும்பி வந்துவிட்டது, அது போதும்.

அவள் அப்படியே கிளம்பியிருக்கலாம். ஆனால் கணக்கு இடித்தது. நாலு போல்ட்டில் மூன்றுக்குத்தான் ஆள் கிடைத்திருக்கிறது.

"கீழே வலது பக்கம் யாரு?" என்றாள். "இது ஒரே இழுப்புல வந்தது இல்லே. கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, மறுபடி திருப்பியிருக்கு. சங்கடப்பட்டுக்கிட்டே செஞ்ச கை."

சிரிப்பு நின்றது. ஒருவரும் மார்தட்டிக்கொண்டு எழவில்லை. செகோந்தோவுக்கு மூன்றாவது கிளாஸ் உள்ளே போயிருந்தது. "அட, சொல்லித் தொலையேன்டா ஓரியானோ" என்றார். "கொலையா பண்ணிட்டே?"

தெர்னா திரும்பிப் பார்த்தாள். ஓரியானோ தன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்காரன் நீ ஒண்ணு வெச்சாத்தான் எங்களுக்கு நம்பிக்கைன்னு சொன்னாங்க" என்றான். "நான் வைக்கலேன்னா, பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு... உன்னைத்தான் கேவலமாப் பேசுவாங்கன்னு நினைச்சேன். உன் நல்லதுக்குத்தான் தெர்னா."

"என் நல்லதுக்கு."

"ஆமா."

"அஞ்சு நாளா என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டே. கை தவறிடுச்சுன்னு சொல்லச் சொன்னே."

அவன் காப்பிக் கோப்பையைத் தட்டில் மெல்லத் திருப்பினான்.

"பதினோரு வருஷமா நான் இறுக்கின சைக்கிள்லதானே போறே? ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏதாவது கழண்டு விழுந்திருக்கா?"

ஓரியானோ தலையைத் தூக்கினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஒரு பொய்யையே அஞ்சு நாள் சுமந்து அலுத்துப்போயிருந்தான். "அதுலயும் வைப்பேன்" என்றான். "சனிக்கிழமை நீ முடிச்சுக் கொடுத்ததும், இங்கே வந்து. எப்பவும் ஒரு கால்."

பார்க்காரி கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன் ஓரியானோவின் சீட்டு போல்ட்டில் மரை அறுந்தது. அந்த வருஷமே அவன் சைக்கிளில் இன்னும் இரண்டு போல்ட். தன் கைதான் போய்விட்டது, வயசு ஆகிவிட்டது என்று தெர்னா அப்போது முடிவுகட்டிவிட்டாள். ஒரு மாதம் முழுக்க, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய போல்ட்டுகளை இறுக்கி இறுக்கி அளந்து பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. சரியாக வருகிறதே, பிறகு ஏன் அறுகிறது என்று புரியாமல் ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் ஓரியானோ அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"அன்னைக்கு நான் அழுதேனே" என்றாள்.

"ஆமா."

"அப்பவும் நீ சொல்லலே."

"சொல்லலே."

அவள் கவ்வியை எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "உன் சைக்கிளை இனிமே நான் தொட மாட்டேன். எவன்கிட்டயாவது கொண்டு போ." சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சொன்னபடியே செய்தாள். மற்றபடி வீட்டில் எல்லாம் முன்போலத்தான். சமைத்தாள், சாப்பிட்டார்கள், பேசினார்கள். பட்டறையில் வேலை குவிந்தது. சங்கத்தின் முப்பத்தொன்பது சைக்கிளும் அவளிடம் வந்தன. நாற்பதாவது மட்டும் கார் மேல் ஏறி ஃபயென்சா பெரிய கடைக்குப் போய் வந்தது. அந்தக் கடைக்காரனுக்கு இவன் யார் என்று தெரியாது, இவனுக்கும் அவன் பெயர் தெரியாது. நீல மேலுடுப்புப் போட்ட ஒரு ஆண் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஓரியானோ ஃபயென்சாவிலிருந்து திரும்பி, கார் மேலிருந்து சைக்கிளை இறக்கிச் சுவரில் சாய்த்தபோது தெர்னா வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன, பாருக்குப் போகலையா? கால் வைக்கணுமே."

"இதுக்கு வைக்கறதில்லே" என்றான் ஓரியானோ. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அவரு சரியாத்தான் இறுக்கியிருப்பாரு."